கண்ணினுள் கிருமிகள் பரவும் முறை: தங்கவயல் பகுதிக் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்திலிருந்து ஊர்காம் வரை செல்வோர், வழியின் இருமருங்கிலும் உச்சி தட்டையாகவும் நிறம் சாம்பலாகவும் உள்ள குன்றுகள் பலவற்றைக் காண்பர். இவை இயற்கையில் எழுந்த குன்றுகள் அல்ல. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். அக்காலம் முதல் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட நாள் வரையில், பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட தாதுக்கல் நசுக்கப்பட்டு, மாவாக அரைக்கப்பட்டு, பொன் பிரிக்கப்பட்டது. பொன் நீங்கியபின் எஞ்சிய கல்மாவே இவ்வாறு குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. இதன் அளவு மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்டதாகும். காற்று வேகமாக வீசும் மாதங்களில் இத்தூள் பறந்து வீடுகளிலும், பள்ளிகளிலும், மக்களின் கண்களிலும் படிகிறது.

தூசி கண்ணில் விழுதல் நோய் ஆகாது. பெரும்பாலும் கண்ணீர் பெருகி அதனைக் கழுவிவிடும். ஆயினும் இத்தூளில் உள்ள படிகக்கல் துகள்கள் கூர்மையானவை. கண்ணைக் கசக்கினால் அவை மேற்பரப்பைக் கீறக்கூடும். பாறையைத் துளைப்போர், கல் உடைப்போர், உளியைச் சுத்தியலால் அடிப்போர், சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டுவோர், வெல்டிங் செய்வோர் ஆகியோருக்கு இதனினும் மிகுந்த அபாயம் உண்டு. சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்கவயல் மக்களில் பல்லாயிரவர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இத்தகைய வேலைகளைச் செய்து, இரவில் வீடு திரும்புகின்றனர். கண்ணில் ஏதேனும் பட்டாலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அவர்கள் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகின்றனர். அவ்வாறு தள்ளிப்போடும் ஒரு நாளிலும் இரண்டு நாட்களிலும் கண்ணினுள் நிகழ்வது யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கண்ணின் இயற்கைக் காவல்

கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அதன் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போன்று அமைந்த தெளிவான படலத்திற்குக் கார்னியா என்று பெயர். இதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர் மட்டுமே. கார்னியாவுக்குப் பின்னால் நீர் நிறைந்த முன்னறையும், அதனை அடுத்து ஐரிஸ் என்னும் நிறத்திரையும், திரையின் நடுவில் கண்மணி என்னும் துவாரமும், அதன் பின்னால் லென்ஸும் உள்ளன. லென்ஸுக்குப் பின்புறம் உள்ள பெரிய அறையை விட்ரியஸ் என்னும் தெளிவான கூழ் நிரப்பியிருக்கிறது. அவ்வறையின் உட்சுவரில் ஒளியை உணரும் விழித்திரை விரிந்திருக்கிறது.

இமைகளின் ஓரத்திலும், வெண்விழியின் மேலும் கிருமிகள் எப்பொழுதும் வாழ்கின்றன. ஆயினும் நலமுள்ள கண்ணில் அவை தீங்கு செய்வதில்லை. இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் மேற்பரப்பைத் துடைக்கிறது. கண்ணீர் கிருமிகளை அடித்துச் செல்கிறது. மேலும், கண்ணீரில் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கும் லைசோசைம் என்ற பொருள் இருப்பதை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார்; பின்னர்ப் பெனிசிலினைக் கண்டறிந்தவரும் இவரே. இவை யாவற்றினும் முக்கியமான காவல் கார்னியாவின் மேல்தோலாகும். ஐந்தாறு அடுக்கு உயிரணுக்களால் ஆகிய இம்மெல்லிய தோல் முழுமையாக இருக்கும்வரை, மேகவெட்டைக் கிருமி போன்ற மிகச்சிலவற்றைத் தவிர, வேறு கிருமிகள் அதனை ஊடுருவ இயலாது.

ஆனால் கார்னியாவுக்கு ஒரு குறையும் உண்டு. அது தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதனுள் இரத்தக்குழாய்கள் அமையவில்லை. உடலின் பிற இடங்களில் காயம் பட்டவுடன் இரத்தத்தின் வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை எதிர்க்கின்றன. கார்னியாவுக்கோ அவை ஓரத்திலுள்ள இரத்தக்குழாய்களிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் வந்து சேரவேண்டியிருக்கிறது. எனவே கீறல் பட்ட முதல் சில மணி நேரத்தில் கிருமிகளுக்கே வாய்ப்பு அதிகம்.

கிருமிகள் பெருகும் வேகம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. தகுந்த சூழ்நிலையில் ஒரு பாக்டீரியம் அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று கொண்டால், பத்து மணி நேரத்தில் அது இருபது முறை பிரிந்து பத்து லட்சத்திற்கு மேற்பட்டதாகிவிடும். மாலையில் கண்ணில் கீறல் பட்ட தொழிலாளி காலையில் கண்விழிக்கும்போது வலி பன்மடங்காகியிருப்பதன் காரணத்தை இக்கணக்கைக் கொண்டு அறியலாம்.

புண் வளரும் படிகள்

ஒரு கல்துகள் கார்னியாவைக் கீறியது என்று கொள்ளலாம். முதலில் கண் கரகரக்கும், நீர் வடியும், வெளிச்சத்தைக் காணக் கூசும். கிருமி சேராவிடின் மேல்தோல் ஓரிரு நாட்களில் மூடிக்கொள்ளும், தழும்பும் தங்காது.

கிருமி சேர்ந்துவிட்டால் கீறிய இடத்தில் சாம்பல் அல்லது வெண்மை நிறப் புள்ளி ஒன்று தோன்றும். இதுவே முதற்படி. களப்பணியாளர் டார்ச் விளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பார்த்தால் இதனைக் காணலாம். வெண்விழி சிவந்திருக்கும், அச்சிவப்பு கார்னியாவைச் சூழ்ந்த இடத்தில் மிகுந்து காணப்படும். சாதாரணக் கண்வலியில் சிவப்பு இமையின் உட்புறமாக மிகுந்திருக்கும், பார்வை குறையாது. புண்ணில் பார்வை மங்கும்; வலி கடுமையாக இருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

இரண்டாம் படியில் கிருமிகள் வெளியிடும் நஞ்சுகளும், அவற்றை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் வெளியிடும் கரைப்பான்களும் சேர்ந்து கார்னியாவின் நடு அடுக்கைக் கரைக்கத் தொடங்குகின்றன. புள்ளி குழியாகிறது. கார்னியாவின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவ்வடுக்கே. ஆகவே கண்ணைக் காக்க வந்த படையினாலேயே கண்ணின் சுவர் இடிகிறது எனலாம். மருந்தினால் கிருமிகள் அழிந்தபின்னரும் சில நாட்கள் வரை புண் ஆழமாவதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படியில் முன்னறையின் அடியில் வெண்மஞ்சள் நிறத்தில் பிறைவடிவமாகச் சீழ் தங்குகிறது. இதனைக் கண்டவுடன் கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டன என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. கார்னியாவின் பின்புறத்தில் உள்ள டெசிமெட் படலம் கரைப்பான்களை நெடுநேரம் எதிர்த்து நிற்கும் வன்மை உடையது. அப்படலம் கிழியாத வரையில், பாக்டீரியாப் புண்ணில் தோன்றும் இச்சீழ் பெரும்பாலும் கிருமியற்றதாகவே இருக்கும். நஞ்சினால் உறுத்தப்பட்ட ஐரிஸின் குழாய்களிலிருந்து வெள்ளணுக்கள் கசிந்து அடியில் படிவதே அது. எனவே சீழ் தோன்றியும் கண் தப்புவதற்கு இடமுண்டு. ஆயினும் இனி ஒரு மணி நேரமும் வீணாக்குவதற்கில்லை என்பதற்கு அது அடையாளமாகும்.

நான்காம் படியில் நடு அடுக்கு முழுதும் கரைந்து டெசிமெட் படலம் மட்டும் மெல்லிய குமிழாகப் புடைக்கிறது. நோயாளி இருமினாலும், முக்கினாலும், கண்ணைக் கசக்கினாலும் அது கிழிந்துவிடலாம். கிழிந்தவுடன் சூடான நீர் வடிந்தது போன்ற உணர்ச்சி உண்டாகி வலி சற்றுத் தணிகிறது. வலி தணிந்ததைக் கண்டு நோய் நீங்கியதாக எண்ணி மகிழ்வோர் உண்டு. கண்ணின் சுவர் உடைந்து உள்நீர் வெளியேறியதே அதன் பொருள். ஐரிஸ் வந்து அவ்வோட்டையை அடைத்துக்கொண்டால், பின்னர் வெண்தழும்பு நிலைத்து நிற்கும். மக்கள் கண்ணில் பூ விழுந்தது என்று கூறுவது இதுபோன்ற தழும்பையே. ஓட்டை அடைபடாவிடில் கிருமிகள் கண்ணினுள் நுழைகின்றன.

கிருமிகளின் வகைகள்

இப்படிகளைக் கடக்கும் வேகம் கிருமிக்குக் கிருமி வேறுபடும். நிமோனியா நோயைத் தோற்றுவிக்கும் நியூமோகாக்கஸ் தென்னிந்தியாவில் கார்னியாப் புண்ணுக்கு ஒரு முக்கிய காரணமாகும். இதனால் உண்டாகும் புண் ஒருபுறம் ஆறிக்கொண்டே மறுபுறம் ஊர்ந்து செல்லும். ஜெர்மன் மருத்துவர் சேமிஷ் 1870ஆம் ஆண்டில் இதனை விவரித்து, பாம்பைப்போல் ஊரும் புண் என்ற பொருளில் பெயரிட்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள கண்ணீர்ப் பை அடைபட்டுச் சீழ் பிடித்தவர்களிடம் இக்கிருமி எப்பொழுதும் தங்கியிருக்கக்கூடும். கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்தும்போது சீழ் வெளிப்படுமாயின், அவருக்கு ஒரு சிறு கீறலும் பேரபாயமாகும்.

சூடோமோனாஸ் என்னும் கிருமி ஈரத்தை விரும்புவது. குழாய் நீரிலும், நெடுநாள் திறந்துவைத்த சொட்டுமருந்துப் புட்டிகளிலும், தூய்மை செய்யப்படாத கான்டாக்ட் லென்ஸ்களிலும் வளரும். இது புரதத்தைக் கரைக்கும் பொருள்களை மிகுதியாக வெளியிடுவதால் ஒன்றிரண்டு நாட்களிலேயே கார்னியா உருகி ஓட்டையாகிவிடக்கூடும். இக்கிருமியின் முன்னிலையில் நாள்கணக்கு உதவாது, மணிக்கணக்கே வேண்டும்.

மண்ணில் வாழும் பாசில்லஸ் செரியஸ் என்பது இரும்புத் துண்டோ கல்லோ மண்ணுடன் கண்ணைத் துளைத்து உட்சென்ற காயங்களில் அஞ்சத்தக்கது. ஒருநாள், இரண்டு நாட்களுக்குள் பார்வை முழுதும் அழிந்துபோவதும் உண்டு.

கண்ணின் உள்ளே

கிருமிகள் கண்ணின் உட்பகுதியை மூன்று வழிகளில் அடைகின்றன: துளைத்த காயத்தின் வழியாகவும் உடைந்த புண்ணின் வழியாகவும் ஒன்று, கண்புரை முதலிய அறுவை சிகிச்சையின்போது மற்றொன்று, உடலின் வேறோர் இடத்துச் சீழிலிருந்து இரத்தத்தின் மூலமாக மூன்றாவது. எவ்வழியில் வந்தாலும் விட்ரியஸ் கூழை அடைந்தபின் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே.

விட்ரியஸின் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி நீரே. இரத்தக்குழாய் இல்லை, காவல் அணுக்களும் மிகச் சிலவே. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்ப்பதற்கு வைக்கும் கூழை இது ஒத்திருக்கிறது. முதலில் கிருமிகள் ஆரவாரமின்றிப் பெருகுகின்றன. அடுத்து அவற்றின் நஞ்சு பரவி, விழித்திரையின் குழாய்கள் கசிந்து, வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுகின்றன. கூழ் கலங்கிச் சீழாகிறது. விழித்திரையின் உயிரணுக்கள் மூளையின் நரம்பணுக்களைப் போன்றவை. இறந்தபின் மீண்டும் தோன்றா. ஆகவே நோய் தீர்ந்தபின்னும் இழந்த பார்வை இழந்ததேயாகும். தொற்று விழியின் சுவர்களையும் கடந்து சுற்றியுள்ள தசைகளுக்குப் பரவினால் விழி பிதுங்கி அசைவற்று நிற்கும். அந்நிலையில் விழியின் உட்பொருளை அகற்றுதலன்றி வேறு வழி அரிது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

இரத்தத்தில் உள்ள பொருள்கள் விழித்திரைக்குள் எளிதில் நுழையாதபடி இயற்கை ஒரு தடுப்பை அமைத்துள்ளது. நலமுள்ள காலத்தில் நன்மை செய்யும் இத்தடுப்பு, நோய்க்காலத்தில் மருந்தையும் தடுத்துவிடுகிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ உடலில் செலுத்தும் பல மருந்துகள் விட்ரியஸில் போதிய அளவு சேர்வதில்லை. எனவே வான்கோமைசின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளை மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு நீரில் கரைத்து, நுண்ணிய ஊசியால் விட்ரியஸுக்குள்ளேயே செலுத்துவது வழக்கமாயிற்று. கண்புரை அறுவைக்குப்பின் தொற்று ஏற்பட்ட 420 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவுகள் 1995ஆம் ஆண்டில் வெளியாயின. பார்வை வெளிச்சத்தை மட்டும் உணரும் அளவுக்குக் குறைந்துவிட்டவர்களுக்குச் சீழ் கலந்த கூழை உடனே வெட்டி அகற்றுதல் நன்மை தரும் என்று அதனால் தெரியவந்தது.

கார்னியாப் புண்ணுக்கு முதலில் செய்யத்தக்கது புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பதாகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டில் மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்ததில், கிருமி வளர்ந்து கண்டறியப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பாக்டீரியாவும், ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சையும் காரணமாயிருந்தன. பாக்டீரியாக்களுள் நியூமோகாக்கஸே மிகுதி. மூவரில் இருவருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து வேறு. வெறும் கண்ணால் பார்த்து இன்னதென்று துணிதல் எளிதன்று. கடையில் கேட்டு வாங்கும் சொட்டுமருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு தணிந்ததுபோல் தோன்றும். உள்ளே கிருமியோ எதிர்ப்பின்றிப் பரவும்.

முன்னதாகவே தடுக்கலாம்

மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கார்னியாப் புண்ணால் பீடிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இது அமெரிக்காவின் ஒரு பகுதியில் காணப்பட்டதைப் போல் பத்து மடங்காகும். இத்தனை பேருக்கும் மருத்துவமனையில் சிகிச்சை அளிப்பதினும், கீறல் புண்ணாகாமல் தடுப்பதே எளிது. நேபாளத்தின் பக்தபூர் வட்டாரத்தில் இதற்கு வழி காட்டப்பட்டது. அங்குக் கிராமச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, கண்ணில் கீறல் பட்டோருக்கு குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று முறை வீதம் மூன்று நாட்கள் இடச்செய்தனர். 2001ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அவ்வாறு களிம்பு இடப்பட்ட 442 பேரில், காயம் பட்ட 18 மணி நேரத்திற்குள் வந்த அனைவருக்கும் புண் உண்டாகாமலே ஆறிற்று. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளில் வந்தவர்களிலோ நால்வரில் ஒருவருக்கு மேல் புண் கண்டது. மருந்து ஒன்றே, ஊழியரும் அவரே, வேறுபட்டது வந்து சேர்ந்த நேரம் மட்டுமே.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. தூசியோ மணலோ விழுந்தால் கசக்காமல், தூய நீரால் கழுவச் சொல்லவேண்டும். துணி முனை, ஊசி, தீக்குச்சி, நாக்கு ஆகியவற்றால் துகளை எடுக்க எவரையும் அனுமதிக்கலாகாது.

2. கழுவிய பின்னும் உறுத்தல் நீடித்தால் அன்றைய தினமே மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்பது தவறு. கிருமிநாசினிக் களிம்பை மருத்துவரின் உத்தரவின்படியே கொடுக்கவேண்டும்.

3. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடலாகாது என்பதை வீட்டிலுள்ள மூத்தோர்க்குப் பணிவுடன் எடுத்துரைக்க வேண்டும். அவர்கள் அன்பினால் செய்வது இது. கடிந்து பேசினால் மறைவில் செய்வர்.

4. சுத்தியலும் உளியும் கையாளும்போது சில்லு பட்டதாகச் சொன்னால், வலி குறைவாயினும் அது உட்புகுந்திருக்கக் கூடும். அக்கண்ணைக் கழுவுதலும் அழுத்துதலும் கூடா. காகிதக் கோப்பை போன்ற ஒன்றைக் கண்ணைத் தொடாதவாறு கவிழ்த்து ஒட்டி, உணவு கொடாமல், கண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்பவேண்டும். தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர் மின்டோ கண் மருத்துவமனை உள்ளது.

5. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களை முதல் வாரத்தில் இருமுறையேனும் சென்று பார்க்கவேண்டும். வலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ மறுவருகைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே அனுப்பவேண்டும்.

6. கல்லும் இரும்பும் கையாளுவோர் காப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார்களா என்று வேலையிடத்தில் கவனிக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கு

கார்னியா தெளிவிழந்தபின் மீளாது என்பதை வகுப்பில் முட்டையின் வெண்கருவைக் கொண்டு விளக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் வெண்கருவை ஊற்றி, அதன் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கச் செய்க. பின்னர் அக்குவளையை வெந்நீரில் வைத்தால் வெண்கரு வெளுத்து எழுத்து மறையும். அதனை எவ்வளவு குளிர்வித்தாலும் பழைய தெளிவு திரும்பாது. புண்ணில் நிகழ்வது சூட்டினால் அன்று என்பதையும், இழந்த தெளிவு மீளாமை மட்டுமே இங்கு ஒப்புமை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். இத்தகைய தழும்புள்ள கண்ணுக்குப் பார்வையளிக்க, இறந்தவர் தானமாக வழங்கிய கார்னியாவைப் பொருத்துதல் ஒரு வழி. ஆயினும் விழித்திரை அழிந்த கண்ணுக்கு அதுவும் பயன்படாது.

கிருமிகள் பெருகும் கணக்கை மேல்வகுப்பு மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒன்றில் தொடங்கி இருபது முறை இரட்டித்தால் வரும் தொகை யாது? ஐந்து மணி நேரத்தில் எத்தனை? பத்து மணி நேரத்தில் எத்தனை? முந்திய ஐந்து மணி நேரத்தில் வந்த தொகைக்கும் பிந்திய ஐந்து மணி நேரத்தில் வந்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டபின், அன்றைய தினமே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்ற விதியை ஆசிரியர் தனியே வற்புறுத்த வேண்டியதில்லை.

இம்மாணவர்களுள் பலருடைய தந்தையர் அதிகாலை ரயிலில் செல்பவர்கள். இரவில் சிவந்த கண்ணுடன் வீடு திரும்பும் தந்தையைப் பார்த்து, விடியும்வரை பொறுக்கலாகாது என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அப்பொழுது வீட்டில் உள்ள குழந்தையே. அக்குழந்தைக்கு இக்கணக்கு தெரிந்திருக்குமாயின் ஒரு கண் காக்கப்படும்.